எட்டு

தேவையே இல்லை என்கிறான் ஜெரின்.
"கேமராவுக்குள்ளயே இருக்குல்லா அண்ணே,
பொறவு எதுக்கு இந்த டப்பா?"

ருவியில் பழைய சாமான் கடையில்
பதினெட்டு ரியாலுக்கு வாங்கிய லைட் மீட்டர்.
வெள்ளைக் குமிழ் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்.
மாதத்தில் ஒருநாள் பையைவிட்டு வந்தால் அதிகம்.

இன்று சொஹாரில்
விபத்தில்லாத முந்நூறு நாளுக்குக் குழுப்படம்.
நாலு மணி வெயில், சுண்ணாம்புத் தரை.
நடுவில் மேலாளர் சுலைமான்,
இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை திஷ்தாஷா.
ஓரத்தில் சாரம் கட்டுகிற ஆட்கள், கருநீலக் கவரால்.

கேமரா அந்த வெள்ளைக்குக் கூசி
மொத்தத்தையும் இருட்டிவிடும்.
போன வருடப் படம் அலுவலகச் சுவரில் தொங்குகிறது:
ஓரத்தில் வெறும் மஞ்சள் ஹெல்மெட்டுகள்.

நடந்துபோய்
கடைசி ஆளின் தாடைக்குக் கீழே நீட்டினேன்.
கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.
"காய்ச்சலெல்லாம் இல்ல சார்."
பைமேல் தைத்த பெயர் இருளாண்டி.
கமுதிப் பக்கமாம்.

"காய்ச்சல் பார்க்கல.
உங்க மேல விழுற வெளிச்சம்."
"எம்புட்டு சார்?"
"எட்டு."
"அவருக்கு?"
நடுவுக்குப் போய் அளந்துவிட்டு வந்தேன்.
"அவருக்கும் எட்டுதான்."

சிரித்தார் பாருங்கள்,
அது தோளுக்குத் தோள் தாவி
வரிசை முழுக்கப் போய்
சுலைமான்கூட என்னவென்று தெரியாமல் சிரித்தார்.

கேமரா முக்காலியில், பதினைந்து அடி தள்ளி.
என் கையில் மீட்டர்.

பிறகு எடுத்த ஆறு படத்திலும்
வெளிச்சம் கச்சிதம்.
எல்லா முகமும் தெரிகிறது,
வாயை மூடிக்கொண்டு.

ஜெரினுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.