தொண்ணூற்றேழு புள்ளி நான்கு

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
ரயில்வே கேட் தாண்டி மூன்றாவது மில்.
வருகைப் பதிவேடு எழுதுவது என் வேலை.
அந்தச் சித்திரையில் அதில் ஒரு கட்டம் கூடியது:
உடல் வெப்பம்.

நெற்றிக்கு நேரே நீட்டும் கருவிக்கு
முதல் வாரத்திலேயே பேட்டரி தீர்ந்தது.
‘எல்லாருக்கும் தொண்ணூத்தேழு புள்ளி நாலு போடுய்யா’
என்றார் மேஸ்திரி கலியபெருமாள்.
போட்டேன்.
சனிக்கிழமை சாயங்காலமே
திங்கட்கிழமையின் வெப்பத்தையும் எழுதி வைத்துவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.

தவிட்டுத் தூசியில் யாருக்குத்தான் இருமல் இல்லை?
எது மில்லின் இருமல், எது ஊரின் இருமல் என்று
பிரித்துச் சொல்லும் சல்லடை
எங்களிடம் இல்லை.

அஞ்சம்மாள்தான் கேட்டாள்,
அவியல் தொட்டிக்குப் பக்கத்தில்
ஆவி முகத்தில் அடிக்க அடிக்க நின்றுகொண்டு:
‘ஏன், இன்னிக்கு நெல்லு அவிக்கலையா?’

ரயிலில் போகிறவர்கள்கூட
மூக்கை உயர்த்தித் திரும்பிப் பார்க்கும் வாசனை அது.
யாரும் சிரிக்கவில்லை.
தையல்நாயகி
சாக்கு ஊசியைக் கீழே வைத்தாள்.

மகனின் கணக்கு நோட்டில் கிழித்த தாள்.
முப்பத்தொரு பெண்களுக்கு ஒரே டம்ளர்,
பலகை அடித்த ஜன்னல்,
அஞ்சம்மாளுக்கு வாசனை தெரியவில்லை,
இருந்தும் லீவு கிடையாது என்கிறார்கள்.
கடைசியில்
‘என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம்’ என்று ஒரு வரி.
அதற்குக் கீழே பெயர்.

திருவாரூர் போன கடிதம்
ஒன்பதாம் நாள் மில்லுக்கே வந்தது.
‘உரிய விளக்கம் அளிக்கவும்’ என்ற தாளின் பின்னால்
அவள் தாளைப் பின் அடித்திருந்தார்கள்.
உறையைப் பிரித்தவன் நான்.
அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தவனும் நான்.
முதலாளியின் மேசையில் வைத்து
காற்றில் பறக்காமலிருக்க
மேலே ஒரு படிக்கல்லும் வைத்தேன்.

யாரும் அவளை நீக்கவில்லை.
‘உடம்பப் பாத்துக்கம்மா,
வேலை இருந்தா சொல்லி அனுப்புறோம்.’
சொல்லி அனுப்பவில்லை.
கொரடாச்சேரி மில்லில் வாசலிலேயே கேட்டார்களாம்,
‘நீதானா அந்த எழுத்துக்காரி?’
பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே
‘தானாக நின்றுகொண்டார்’ என்று எழுதச் சொன்னார்கள்.
‘தானாக’வில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதியது.

மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போன அஞ்சம்மாள்
திரும்பவில்லை.
என் பதிவேட்டில் அவள் கடைசி நாள்:
தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.

மறுவாரம்
குருணைச் சல்லடையைத் தாளின் மேல் கவிழ்த்து
விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார்கள் பெண்கள்.
வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துகள்,
கைநாட்டுகள்,
தையல்நாயகியும் எங்கோ நடுவில்.
‘மொதப் பேரு யாருன்னு
இப்ப எண்ணிச் சொல்லட்டும்’ என்றாள் ஒருத்தி.
அவளைத் திரும்ப எடுக்க வேண்டும்,
எழுதியதற்காக இனி யாரையும்
‘சொல்லி அனுப்புறோம்’ என்று அனுப்பக் கூடாது.
அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

தாளை மடிக்காமல் அனுப்பப்
பெரிய உறை வேண்டுமென்று என்னிடம் வந்தார்கள்.
இரண்டு கைநாட்டுகளுக்கு நடுவே
ஒரு பெயர் அளவுக்கு வெற்றிடம்.
பேனாவை எடுத்தேன்.
‘அது ஒங்களுக்கு இல்ல’ என்றாள் தையல்நாயகி.
‘அது அஞ்சம்மா எடம்.’

பேனாவை மூடினேன்.
அவர்கள் போன பிறகு
பதிவேட்டில் ஒரு தாளைக் கிழித்தேன்.
திங்கட்கிழமைத் தாள்,
சனிக்கிழமையே எழுதியது,
முப்பத்தொரு பேருக்கும் ஒரே வெப்பம்.
அதையும் உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்று தபாலில் சேர்த்தேன்.
கீழே என் பெயரை எழுதவில்லை.
தேவையில்லை.
அந்தக் கையெழுத்தை
மில்லில் எல்லாருக்கும் தெரியும்.