மீந்த திருகு

மைனஸ் இருபத்தாறில்
கராஜ் கதவை இறக்கிவிட்டுப் பின்னிருக்கையை மடக்கினேன்.
ஏழு திருகு, நான்கு கிளிப், ஒரு பிளாஸ்டிக் மூடி.
அதற்கடியில் இருந்தது
கம்பெனி எனக்கென்று ஒதுக்கிய இடி.

கையில் எடுத்தால் அப்பளக் கனம்.
காகிதக் கூம்பு, பிஸ்கட் அளவுக் காந்தம்.
கார் விற்றவன் இதற்கு ஒரு பெயர் சொன்னான்,
'பிரீமியம்' என்று ஆரம்பிக்கும்.

வீட்டிலிருந்து பொட்டாஷ் சுரங்கத்துக்கு எண்பத்திரண்டு கிலோமீட்டர்,
பாதி சரளை.
சக்கர இரைச்சல் முதலில் தின்பது பேஸைத்தான்.
பாடுகிறவளின் குரல் மட்டும் மிஞ்சும்,
வீடு இடிந்தபின் நிற்கிற மாடிப்படி மாதிரி.
சத்தத்தைக் கூட்டினாலோ
கூட்டக் கூட்டக் கீழ்க்குரலைத் தானே குறைத்துக்கொள்ளும்;
அப்படிப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள்,
கூம்பு கிழியக் கூடாதாம்.
நான் கத்த நினைக்கிற நேரம் பார்த்துத்
தொண்டையைச் செருமிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் வண்டி.
ஆனைப் பசிக்குச் சோளப்பொரி,
அதுவும் எண்ணிப் போட்டது.

ஆம்ப்ளிஃபையரை ரெஜைனாவில் ஒருவன் விற்றான்.
குழந்தை பிறந்துவிட்டது, இனி வேண்டாம் என்று எழுதியிருந்தான்.
போனபோது குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.
விரல்களால் பேரம் பேசினோம்.
இருபது டாலர் குறைத்தான்,
கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் பார்த்துக்கொள் என்று
கண்ணால் கேட்டான்.

குளிரில் சிவப்பு வயர் விறகாக விறைத்திருந்தது.
ஹேர் டிரையர் காட்டி இளக்கி
என்ஜின் பக்கத்து ரப்பர் அடைப்பில் ஓட்டை போட்டு
இந்தப் பக்கம் இழுத்தேன்.
பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ்.
இதில் மட்டும் நான் சோம்பல் படவில்லை.

எர்த் வயரில் பட்டேன்.
பெயின்ட்டின் மேலேயே முடுக்கிவிட்டுக் கிளம்பினால்
ஸ்பீக்கருக்குள் ஒரு கொசு.
ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க
அதுவும் மேல்ஸ்தாயிக்கு ஏறியது.
டிசம்பரில், சஸ்காட்செவனில், கொசு!
திரும்பி வந்து உப்புத்தாளால் தேய்த்தேன்.
தகடு வெள்ளியாகப் பல்லிளித்த பிறகுதான் செத்தது.

புது சப்வூஃபரின் ரப்பர் விளிம்பு இளக
பத்து நிமிடம் ஹீட்டர் ஓட வேண்டியிருந்தது.
அப்புறம்
என் நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ
மேசையை நகர்த்தினார்கள்.
மெதுவாக. சரியான இடம் கிடைக்கும் வரை.

ஷிஃப்ட் முடிந்து மார்னியை ஏற்றிக்கொண்டேன்.
நாளெல்லாம் துளைக்கிற இயந்திரத்தில் உட்கார்ந்து குலுங்குகிறோம்,
இன்னுமா உனக்கு ஆசை தீரவில்லை என்றாள்.
அது சம்பளத்துக்குக் குலுங்குவது,
இது என் காசு என்றேன்.
கொஞ்ச தூரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு,
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா உன் காரு எங்கேயோ பல்லைக் கடிக்குது."

உண்மை.
வண்டியில் தளர்ந்தது எதுவோ
அதையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த பேஸ்.
நம்பர் பிளேட் முதலில் எழுந்தது.
கண்ணாடிப் பெட்டி மூடி. காலியிருக்கையின் பெல்ட் நாக்கு,
இரண்டு வருஷமாக யாரும் மாட்டாதது.
ஒவ்வொன்றுக்கும் கம்பளித் துணி ஒட்டி வாயடைத்தேன்.
ஒன்று மட்டும் அடங்கவில்லை. இரண்டு வாரம்.
நாற்பது ஹெர்ட்ஸ் வந்தால், முதுகுக்குப் பின்னால், கிடுகிடு.

பெட்ரோல் போடும்போது ஜாக்கெட்டில் கார்டைத் தேடிய விரலில்
தட்டுப்பட்டது திருகு.
ஏழில் ஒன்று.
கழற்றிய அன்றே பைக்குள் போட்டு மறந்திருக்கிறேன்.

மாட்ட வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும்,
அதற்கு சப்வூஃபர் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும்,
அதற்கு இந்தக் குளிர் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.
கப் ஹோல்டரில் போட்டுவைத்தேன்.

இப்போது அதுவும் குதிக்கிறது.
பின்னால் அது இல்லாத ஓட்டை நடுங்குகிறது,
முன்னால் அது.
ஒரே தாளத்தில்தான்.
காலை ஐந்தரை, சரளை ஆரம்பிக்கிறது,
சத்தத்தைக் கூட்டுகிறேன்.