இருப்பு: நாற்பத்தொரு நாள்

திங்கட்கிழமை காலை குவெக் ஒற்றைக் கேள்வி அனுப்பினார்:
"ஒப்பந்தம் இல்லாமல் அவர்கள் வெளியேறினால்
நமக்குச் சரக்கு தடைப்படுமா?
ஆம் / இல்லை. ஐந்து மணிக்குள்."

அவர்கள் என்றால்
பதின்மூன்று மணி நேர விமானத் தொலைவில்
நான் பார்த்தேயிராத ஒரு நாடு.
பக்கத்து நாடுகளோடு வைத்திருந்த கூட்டு வரவுசெலவை
முறித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகிறது.
பாத்திரம் பிரிப்பதைக்கூட இன்னும் பேசி முடிக்கவில்லை.

நாங்கள் என்றால்
துவாஸில் ஒரு கிடங்கு, ஆறு பேர்,
டயாலிசிஸ் வடிகட்டிகள்.
ஓர் ஆளுக்கு வாரம் மூன்று.
திங்கள் புதன் வெள்ளி,
இல்லையென்றால் செவ்வாய் வியாழன் சனி.
ஞாயிறு இரத்தத்துக்கும் விடுமுறை.

வடிகட்டி வரும் வழியைத் தாளில் வரைந்து பார்த்தேன்.
இழை நூற்பது எல்லைக்கு இந்தப் பக்கம்.
கிருமி நீக்க அந்தப் பக்கம்.
பெட்டியில் அடைக்க மறுபடி இந்தப் பக்கம்.
முத்திரைக்கு மறுபடி அந்தப் பக்கம்.
நம்மிடம் வந்து சேருமுன்னே
என் மைத்துனரைவிட அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது.

கப்பல் நிற்காது.
நிற்கப்போவது தாள்:
நள்ளிரவு வரை செல்லுபடியான முத்திரை
பன்னிரண்டு அடித்ததும் வெறும் மை.

லாரியோடு வந்த லோகேஸ்வரனைக் கேட்டேன்.
ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டுபவர்.
"நமக்குள்ள ஒப்பந்தமெல்லாம் இருக்குக்கா.
நேத்து மூணு மணி நேரம் நின்னேன்.
ஒரு ஸ்கேனர் கெட்டுப்போச்சு, அவ்ளோதான்."

அலமாரி அலமாரியாக எண்ணினேன்.
இருப்பு நாற்பத்தொரு நாள்.
"இல்லை" என்று எழுதி அழித்தேன்.
"ஆம்" என்று எழுதி அழித்தேன்.
"தெரியாது" என்பதை அவர் கேட்கவில்லை.
கோப்பி ஆறிப்போயிருந்தது.
நாலு ஐம்பத்திரண்டுக்கு "ஆம்" அனுப்பிவிட்டு
வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு ஆர்டர் போட்டேன்.

அதே வாரம் இந்தத் தீவில்
இன்னும் எத்தனை மேசைகளில்
ஆறிய கோப்பிக்குப் பக்கத்தில்
யார் யார் இரண்டு மடங்கு போட்டார்களோ!

மூன்று வாரம் கழித்து அங்கே
வெளியேறும் தேதியைத் தள்ளிவைத்தார்கள்.
அன்றைக்கேதான் விநியோகஸ்தரின் மின்னஞ்சலும் வந்தது:
எதிர்பாராத தேவை காரணமாகப்
புதிய ஆர்டர்கள் ஏற்பதற்கில்லை.
புறப்பாடு தள்ளிப்போயிற்று.
தட்டுப்பாடு மட்டும் முந்திக்கொண்டு வந்து
நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

என் இரண்டு மடங்கு பத்திரமாக வந்து இறங்கியது.
நடைவழி அடைந்துபோனது.
ஹஸ்லிண்டா பக்கவாட்டில்தான் கழிவறைக்குப் போகிறாள்.
"நல்ல முன்யோசனை" என்றார் குவெக்.
அந்தச் சொல்லை வாங்கி வைக்க
அலமாரியில் இடமில்லை.

வெள்ளிக்கிழமை ஈசூனிலிருந்து ஓர் அழைப்பு.
சின்ன நிலையம். எங்கள் வாடிக்கை இல்லை.
பேசிய பெண் தன் பெயரை இரண்டு முறை சொன்னாள்,
இரண்டு முறையும் எனக்குப் பிடிபடவில்லை.
"செவ்வாய் வரைக்கும் இருக்கு.
அப்புறம் இல்லை" என்றாள்.
குவெக்கின் கேள்விக்கு
அப்படித்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பதினெட்டு நாற்காலி, நாளுக்கு மூன்று சுற்று,
ஐந்து நாளைக்கு இருநூற்று எழுபது.
நானே எண்ணி அடுக்கினேன்.
வெளியேற்றச் சீட்டில் காரணத்துக்கு நாலு கட்டம்:
விற்பனை, திருப்பி அனுப்புதல், சேதம், காலாவதி.
எதிலும் குறி போடவில்லை.
ஓரத்தில் தமிழில் எழுதினேன்,
கைமாத்து.

லோகேஸ்வரன் தார்ப்பாயை இழுத்துக் கட்டியபடி
சீட்டை எட்டிப் பார்த்தார்.
"என்னக்கா இது, ஒப்பந்தமா?"
"அது இல்லாமத்தான் போகுது" என்றேன்.
"ஈசூன் அவென்யூ ஆறு, பின்வாசல்.
அஞ்சரைக்கு மூடிடுவாங்க."