செந்தூள்

பின்மூடியைத் திறந்ததும்
இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.
விளக்கு மறைந்தது.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடியறை.
மின்விசிறி போடுவதில்லை நான்.
ஒரு பல்சக்கரம் நிற்க ஒரு தூசி போதும்.
பங்குனி வெக்கையில்
அண்ணன் சட்டையும் தம்பி சட்டையும்
முதுகோடு ஒட்டிக் கிடந்தன.

அப்பச்சி விட்டுப்போன கடிகாரம்.
வீட்டைப் பிரித்தார்கள், வெள்ளியைப் பிரித்தார்கள்,
இதைப் பிரிக்க வழியில்லாமல்
ஆடிக்கு ஆடி கை மாற்றிக்கொள்கிறார்கள்.
வயிரவன் வருடத்தில் அது பினாங்கில்
சுழலும் பெட்டிக்குள் ராப்பகலாய்ச் சுற்றும்.
சாத்தப்பன் வருடத்தில்
தேவகோட்டை வங்கி லாக்கரில் கிடக்கும்.

"ஓட்டி ஓட்டியே தேச்சுட்டான்."
"பூட்டிப் பூட்டி எண்ணெயைக் காய வச்சது அண்ணன்."

சோதனைக் கருவியில் வைத்தேன்.
நொடிக்கு எட்டுத் துடிப்பு, ஒன்றும் தவறவில்லை.
நாளுக்கு நான்கு நொடி பின்தங்கல், அது குற்றமில்லை.
ஆனால் சமநிலைச் சக்கரம்
இருநூற்று எண்பது பாகை வீசவேண்டியது
நூற்றெழுபதில் தள்ளாடியது.
"நேரம் சரியாத்தானே காட்டுது?"
காட்டும்.
இரைக்க இரைக்க ஏறினாலும்
மாடிக்கு வந்துவிடுவதில்லையா சிலர்.

நொடிச் சக்கரத்தின் அச்சுமுனை.
அது நிற்கும் மாணிக்கக் கல்லைச் சுற்றி
சிவப்பாய் ஒரு வளையம்.
"செம்மண் உள்ள போயிருச்சா?"
இந்த ஊரில் எதைத் திறந்தாலும்
முதல் சந்தேகம் அதன்மேல்தான்.
இல்லை, மண் இல்லை.
வறண்ட குழியில் எஃகு
தன்னையே அரைத்துத் தன்னையே துருவாக்கிய தூள்.
பக்கத்திலிருந்து கசிந்து வந்த துளி எண்ணெயும்
அதில் குழைந்து சாணைப் பசையாகிவிட்டது.
கல் தேயாது. அச்சுதான் தேயும்.
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
கரையான் தின்ற தூணின் இடுப்பு.

எண்ணெய் கொஞ்சம் குறைந்தால் இப்படி.
கொஞ்சம் மிஞ்சினால் படர்ந்து, ஊர்ந்து
மயிர்ச்சுருளில் ஏறி வளையங்களை ஒட்டவைக்கும்,
கடிகாரம் பேய்பிடித்ததுபோல் முந்தி ஓடும்.
கவையின் அச்சுக்கோ காட்டவே கூடாது.
எங்கே விடக்கூடாது என்பதைக் கற்கத்தான்
எனக்கு அதிக நாள் பிடித்தது.

மற்றக் கற்களைப் பார்த்தேன்.
மங்கியிருந்தாலும் எல்லாவற்றிலும் ஈரம்.
இது ஒன்றுதான் உலர்ந்தது.
உலர்ந்ததா,
இல்லை, நனையவே இல்லையா?

மூடியைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தேன்.
உட்புறம், ஓரத்தில்,
ஊசியால் கீறிய மாதம், வருடம், ஒரு பாதிநிலா.
பாதிநிலா என் அடையாளம்.

ஒன்பது வருடம்.
வைகாசி, முகூர்த்த மாதம்.
யாரோ அறுபதாம் கல்யாணத்துக்கு என்று
ஒரே நாளில் மூன்று கடிகாரம் கேட்டார்கள்.
இவர்கள் அப்பச்சிதான் கொண்டுவந்தார்.
ரசீதை நான்காய் மடித்து
மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டார்.
பதினேழாவது கல்லா, பதினெட்டா என்றிருந்தபோது
கீழேயிருந்து கூப்பிட்டார்கள்,
கூரியர்.
கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து
எங்கே உட்கார்ந்தேன், எந்தக் கல்லில்?

"நீங்க ரெண்டு பேரும் இல்லை" என்றேன்.
காதில் விழவில்லை, லாக்கர் வாடகையில் இருந்தார்கள்.
மறுபடி சொன்னேன்.
கீறலைக் காட்டினேன்.

கோபம் வரும் என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.
அவர்கள் முகத்தில் வந்தது ஏமாற்றம்.
இத்தனை வருடம் வளர்த்த ஒன்றை
யாரோ சும்மா வாங்கிக்கொண்டதுபோல்.
"அதெப்படி உறுதியாச் சொல்றீக?" என்றார் சாத்தப்பன்.
"ஒரு கல்லுனால இவ்வளவா?" என்றார் வயிரவன்.
முதல் தடவையாக ஒரே கட்சி.

புதுச் சக்கரத்தை வெளியாளுக்கு விற்கமாட்டது கம்பெனி.
இதே இயந்திரம் உடைந்தது ஒன்று தேடவேண்டும்.
நான்கு மாதம் ஆகும், கூலி வேண்டாம்,
அதுவரை என்னிடம் நின்றபடி இருக்கட்டும் என்றேன்.

தலையாட்டினார்கள்.
கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து மூடினேன்.
எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தேதி பார்த்தேன்,
நேற்றும் பார்த்ததுதான்.

படியில் இறங்கும்போதே கேட்டது:
"இந்த நாலு மாசம்
யார் வருசத்துல கழியும்?"