மோசர், இலக்கம் ஐந்து

அத்தான் அனுப்பிய பெட்டிக்குள்
சவர்க்காரத்துக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவே
மடித்துக் கிடந்தது அந்தப் பச்சை மேற்சட்டை.
முதுகில் ஐந்து. அதற்கு மேலே
ஓரம் உரிந்த பதினோரு எழுத்து:
நீடர்மோசர்.

ஆள் ஆறடி மூன்றாம்.
எனக்குத் தொடைவரை தொங்கியது.
லூர்தம்மா அக்கா விளிம்பை வெட்டித் தைத்தா.
மிஞ்சிய துண்டு படகு எஞ்சினுக்குத் துடைதுணி.

அளம்பில் மைதானத்தில் ஒலிவாங்கி பிடிக்கும் யூட்
பெயரின் முன்பாதியை விழுங்கிவிட்டான்.
“மோசர் தடுக்கிறார்,
மோசர் மோசமில்லை,
ஐயோ மோசர், மோசம் போனோம்!”
மூன்று பருவமாய் அதுதான் என் பெயர்.
வலை இழுக்கும்போது சம்மாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவார்.
றெக்சன் என்பது
அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

யார் அந்த ஆள் என்று கேட்டேன்.
மருமகன் யோனாஸ் குரல்பதிவில் சொன்னான், பாதி தமிழில்:
பத்து வயதில் முன்கள வீரன்,
பதினாறில் வேகம் போதாதென்று
பின்னுக்கு அனுப்பினார்கள்.
பின்னுக்குப் போனவன் அங்கேயே நின்றான்.
இரண்டாம் பிரிவில் இரண்டு வருடம்,
பிறகு மூன்றாம் பிரிவு,
பிறகு மழையில் முந்நூறு பேர் பார்க்கும் நாலாம் பிரிவு.
ஐந்து கழகம். இருநூற்றுப் பதினான்கு ஆட்டம்.
மூன்று கோல், மூன்றும் தலையால்.
மஞ்சள் அட்டை ஐம்பத்தெட்டு.
எந்த நிமிடம் உள்ளே வந்தான்,
எந்த நிமிடம் வெளியே போனான்,
எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.
சம்மாட்டியின் கடன் கொப்பியில்கூட
அவ்வளவு வரி இல்லை.

ஒரு வரி மட்டும் வெறுமை.
இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது:
ஆட்டம் பூச்சியம்.
இடது முழங்காலில் நார் அறுந்து
கட்டிலில் கிடந்த பருவம்.

அந்தப் பருவம் எனக்கும் பூச்சியம்தான்.
எனக்குப் பதினேழு.
கழகத்துப் பந்தைக் காற்றுப் போக்கி, மடித்து
அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.
முள்ளியவளை, தேவிபுரம், இரணைப்பாலை.
பையை எங்கே விட்டேனென்று
இன்றைக்கும் தெரியாது.
எனக்கு வலப்பக்கம் நின்று ஆடியவனை
விட்ட இடம் தெரியும்.
இரண்டு பூச்சியமும் ஒன்றென்று
நான் சொல்லவரவில்லை.
யோனாஸிடம் இதைச் சொல்லவுமில்லை.

மோசர் இப்போது வீடு வீடாய்ப் போய்
தண்ணீர் மீற்றர் வாசிக்கிறார்.
அத்தானின் நாலாம் மாடிக்கும் ஒருநாள் ஏறியிருக்கிறார்.
நெஞ்சில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து
அத்தான்தான் கேட்டது, நீங்கள் அந்த நீடர்மோசரா என்று.
போய் இறங்கிய காலத்தில், சீட்டு மலிவென்று,
ஞாயிறுகளில் போய்ப் பார்த்தவராம்.
அடுத்த முறை மீற்றர் பார்க்க வந்தபோது
அந்த மனிதர் கையில் ஒரு பை.
வீட்டில் இன்னும் ஒன்பது கிடக்கு,
மனைவி நிலம் துடைக்க எடுக்கிறா என்றாராம்.

என்னைப் பற்றி ஒரேயொரு கேள்வி:
“அங்கே புல் இருக்கா?”

படம் எடுத்து அனுப்பினேன்.
வெள்ளை மணல்.
மூலைக்கொடிக்குப் பக்கத்தில் இரண்டு ஆடு.
கம்பத்தில் கட்டிய பழைய கரைவலை.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது:
“வலை நன்றாக இருக்கிறது.
பந்து அதைப் பார்க்காமல் பார்த்துக்கொள்.”

ஞாயிறு, செம்மலையோடு அரையிறுதி.
எண்பதாம் நிமிடம்வரை பார்த்துக்கொண்டேன்.
பிறகு ஒரு பத்தொன்பது வயதுப் பொடியன்
காலைச் சுழற்றி, என்னை மணலில் இருத்திவிட்டுத்
தனியாகப் போனான்.

யூட் ஒலிவாங்கியில் ஒன்றும் சொல்லவில்லை.
வலைக்குள்ளிருந்து பந்தை நான்தான் எடுத்தேன்.
கண்ணியொன்றில்
காய்ந்த நண்டுக்கால்
இன்னும் சிக்கிக் கிடந்தது.