நாற்பது குதிரைக்கு ஒரு வாளி

மாளிகைக்காட்டு மினாரா ஈர்க்கிலாய் மெலிந்தபோது
ஜெசீல் பிடியைத் திருகித் தளர்த்தினான்.
போதவில்லை.
லீசிங்கில் எடுத்த நாற்பது குதிரை,
எவ்வளவு குறைத்தாலும் ஓடத்தான் பார்க்கிறது.

பின்னால் இரண்டு தங்கூசி.
இறகு கட்டிய பொய்மீன்
நீருக்கு மேலே துள்ளித் துள்ளித்
தன் பொய்யைத் தானே சொல்லிக்கொடுக்கிறது.
"இந்த ஓட்டத்துக்கு அறக்குளா வராது மச்சான்,
பொலிஸ்தான் பின்னால வரும்."
சிரிக்கவில்லை.
தவணைக் கிழமையில் அவன் சிரிப்பதில்லை.

நிறுத்தினால் இரை தாழும்,
விட்டால் பறக்கும்.
ஜும்ஆ முடிந்து வாசலில்
செருப்புத் தேடுகிறவன் நடை இருக்கிறதே,
அந்த வேகம் வேண்டும்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நீல வாளி.
முனவ்வறா உடுப்பு ஊறவைப்பது,
கேளாமல் வந்தது.
கண்ணை அடிவானத்தில் வைத்துக்கொண்டு
அடியில் மூன்று ஓட்டை குத்தினான்.
கைபிடி பிய்யுமென்று
விளிம்பையும் சேர்த்துக் கட்டி
எறிந்தான்.

கயிறு விறைத்தது.
வாளி கடலைக் குடித்தது, துப்பியது,
குடித்துக்கொண்டே எங்களைப் பிடித்துக்கொண்டது.
எஞ்சின் முனகியது.
பொய்மீன் ஒரு சாண் இறங்கி
நீந்தப் பழகியது.

கனநேரம் ஒன்றுமில்லை.

பிறகு என் விரலில் தங்கூசி ஒருமுறை வெட்டியது.
அதே நேரம் அவன் போன்.
"வாளி எங்க?"

எனக்குக் கையால் பொறு என்று காட்டி,
தொண்டையைச் செருமி,
"வேலைக்குப் போயிருக்கு புள்ள" என்றான்.