முந்தைய பழுதுபார்ப்பு

கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டால்
முதல் பாடம் போய்விடும்.
முதல் பாடம் எப்போதும் தட்டுவது.
மரச்சுத்தியால், சுவரை.
கதவைத் தட்டுகிற மாதிரி இல்லை,
தர்பூசணி வாங்குகிற மாதிரி.
கிண் என்றால் கல் உயிரோடிருக்கிறது.
பொத் என்றால் உள்ளே காற்று.
பொத்துக்குச் சிவப்புச் சாக்பீஸ்.

மண்ணடியில் இரும்புக் கடைகளுக்குப் பின்னால்
எப்போதோ அவுரி மூட்டை அடுக்கிய கிடங்கு.
எட்டு மாதப் பயிற்சி, பதினோரு பேர்,
மதியச் சாப்பாடும் ரயில் பாஸும் உண்டு.
முதல் மாதம் கல்லைத் தொடவே விடவில்லை.
சுண்ணாம்பை நீற்றினோம்.
அது சீறிக் கொதிப்பதைத்
தள்ளி நின்று பார்த்தோம்.
கடுக்காய் இடித்தோம், வெல்லம் கரைத்தோம்.
"பாயசத்துக்கு முந்திரி எங்க?" என்றான் டெல்லிபாபு.
ஹார்பரில் கன்டெய்னர் சீல் எண்ணிக்கொண்டிருந்தவன்.
பர்வீன் கல்யாணங்களுக்கு மருதாணி போடுகிறவள்;
விரிசலைத் தாளில் இறக்க
அவள் கைதான் எங்களுக்கு.
நான் வண்ணாரப்பேட்டையில்
கேட் அடிக்கிற பட்டறையில் வெல்டிங் ஹெல்பர்.
அங்கே ஒட்டினால் போதும்.
இங்கே நோட்டில் எழுதச் சொன்னார்கள்:
சாந்து கல்லைவிட மெலிந்திருக்க வேண்டும்.
உடைவதானால் சாந்து உடையட்டும்.

உப்பை மட்டும் எனக்குச்
சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.
வாரியக் குடியிருப்பில் நான் படுக்கும் பக்கத்துச் சுவர்
ராத்திரியெல்லாம் தலையணையில் உதிரும்.
அதற்கொரு பெயர் இருப்பது
இங்கே வந்துதான் தெரிந்தது.
உப்பு பூத்தல்.
பூவாம்.

ஐந்தாம் மாதம் என் கைக்கு ஒரு ஜன்னல் வந்தது.
மணற்கல் நிலை.
அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு சிமெண்ட்.
மூச்சுவிட வழியில்லாமல்
உள்ளேயே வியர்த்து வியர்த்து
கல் அரிசிமாவாகியிருந்தது.
மெஷின் கூடாது, அரை அங்குல உளி.
சாய்த்துப் பிடி.
சிமெண்டை அடி, கல்லை அடிக்காதே.
ஒரு நாளைக்கு ஓர் உள்ளங்கை அகலம்.

நான்காம் நாள், பக்கவாட்டு வெயிலில்,
பூச்சின் ஓரம் தெரிந்தது.
கரண்டி வலமிருந்து இடம் ஏறியிருக்கிறது,
இடக்கைக்காரன் இழுப்பு.
முடிகிற இடத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து.
எங்கள் வீட்டு அடுப்பு மேடை மூலையில் இதே அழுத்து.
தண்ணீர்த் தொட்டியில் இதே.
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என் விரலை வைத்து
இன்னும் பெரிதாயிருக்கிறதே என்று பார்த்த குழி.

உணவு இடைவேளையில் போன் போட்டேன்.
"நைனா, மண்ணடில ஒரு குடோன்ல வேலை பாத்தியா?"
"சுனாமிக்கு அடுத்த வருஷம். பதினாறு ஜன்னல்.
எரநூத்தி இருவது கூலி.
ரெண்டு நாள் பாக்கி இன்னும் வரல.
ஏன், வுழுந்துடுச்சா?"
"இல்ல. கெட்டியா கீது."
"இருக்கும்.
கன்ட்ராக்டரு ஒண்ணுக்கு ஆறு போடச் சொன்னான்,
நான் ஒண்ணுக்கு மூணு போட்டேன்.
மூட்டை தீந்துபோச்சுனு ஒரே திட்டு.
தேசப்பன் பூச்சுன்னா சும்மாவா?"
சிரித்தார். நானும் சிரித்த மாதிரி ஏதோ செய்தேன்.
சாப்பிட்டியா என்றார். சாம்பார் சாதம் என்றேன்.

அந்த ஆறு போட்டிருந்தால்
இந்தக் கல்லில் பாதி பிழைத்திருக்கும்.

மாலையில் படிவம்.
ஆஸ்பத்திரியில் கட்டில் காலில் தொங்குமே, அந்த மாதிரி.
இடம்: வடக்குச் சுவர், மூன்றாம் ஜன்னல்.
நிலை: மாவாதல், நாற்பது விழுக்காடு.
காரணம்: முந்தைய பழுதுபார்ப்பு, பொருந்தாத பொருள்.
செய்தவர்:
பர்வீன் எட்டிப் பார்த்தாள்.
"தெரியவில்லைனு போடு. எல்லாருக்கும் அதான்."
போட்டேன்.
கீழே பயிற்சியாளர் கையொப்பம்.
தே. மேகலை.

நாலாவது ஜன்னல் திங்கட்கிழமை.